ஜாம் போத்தல் விளக்கும் ஒரு மேசையும்

எங்கள் வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவையாவது அந்தப் படம் வந்துவிடும். ஒரு பழைய ஜாம் போத்தல், அடியில் கொஞ்சம் பஞ்சு, நடுவில் நிமிர்ந்து நிற்கும் சின்னத் திரி, நுனியில் மஞ்சள் சுடர். கீழே யாராவது எழுதியிருப்பார்கள்: "இந்த வெளிச்சத்தில் படித்துத்தான் நாங்கள் டொக்டரும் எஞ்சினியரும் ஆனோம். இப்போதைய பிள்ளைகளுக்கு எல்லா வசதியும் இருந்தும் படிப்பு ஏறவில்லை." உடனே கைதட்டல்கள் வரிசையாக விழும். டொரன்டோவிலிருந்து ஒருவன், லண்டனிலிருந்து ஒருவன், மெல்பேர்னிலிருந்து ஒருவன். பங்கர், பனங்கட்டி, சைக்கிள் டைனமோ என்று ஆளுக்கொன்றை எடுத்து வைப்பார்கள். ஒரு மணி நேரம் குழு களைகட்டும். பிறகு யாரோ ஒருவரின் மகளுடைய பிறந்தநாள் கேக் படத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

நானும் கைதட்டியவன்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருக்கிறேன். கரண்ட் போய்விட்டது, அதனால் வீட்டுப் பாடம் செய்யவில்லை என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் போதும், எனக்குள் அந்த விளக்கு பற்றிக்கொள்ளும். "1990இல் போன கரண்ட் எங்களுக்குத் திரும்ப எப்போது வந்தது தெரியுமா?" என்று தொடங்கினால் கடைசி வாங்கில் இருப்பவன் கொட்டாவி விடும் வரை ஓயமாட்டேன். ஆனால் சில ஆண்டுகளாக அந்தப் படத்தைக் காணும்போது கைதட்ட விரல் போவதில்லை. ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியாமல் இருந்தது. தெரிந்த பிறகு, குழுவில் எழுத முடியாமல் போயிற்று. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விளக்கு. 1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் சண்டை மறுபடி தொடங்கியதும் மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் என்று நீண்ட பட்டியல் ஒன்றுக்கு அரசாங்கம் தடை போட்டது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, மற்றவர்கள் டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். மண்ணெண்ணெயைப் போத்தல் கணக்கில் வாங்கியவர்கள் தேக்கரண்டிக் கணக்கில் அளக்கத் தொடங்கியபோது வந்ததுதான் இந்தச் சிக்கன விளக்கு. போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, சைக்கிள் டியூப்பின் வால்வில் திரியைக் கோத்து உள்ளே நிறுத்துவோம். போத்தல் சாய்ந்தாலும் எண்ணெய் சிந்தாது. சின்னக் காற்றுக்குச் சுடர் அணையாது. நல்ல கண்டுபிடிப்பு, அதை மறுப்பதற்கில்லை.

படம் போடுகிறவர்கள் எழுதாத ஒன்று உண்டு. அந்த வெளிச்சம் ஒரு கொப்பியின் அகலத்துக்குத்தான் விழும். அதைச் சுற்றி மூன்று பேர் இருந்து படிக்க முடியாது. எங்கள் வீட்டில் அக்கா, நான், தங்கை என்று மூன்று பேர். விளக்கு என் மேசையில் இருந்தது. பொடியன் படிக்கட்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. அது அப்படியே நடந்தது. அக்கா அடுப்பு வெளிச்சத்தில் அம்மாவுக்குக் கைகொடுத்தார். தங்கை இருட்டியதும் படுத்துவிடுவாள். காலையில் மூக்கைச் சிந்தினால் எனக்குக் கரியாக வரும். அக்காவுக்கும் கரிதான், ஆனால் அது விறகுக் கரி. அவர் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டார். விளக்கு வெளிச்சத்தில் படித்து முன்னேறிய குடும்பம் என்று எங்களைப் பற்றி உறவினர்கள் சொல்வார்கள். அக்கா அப்போதெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

தொகுதியும் பகுதியும்

பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பேன். போர்க்காலத்தில் படித்தவர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் படித்த பெரியவர்கள்கூடத் தொகுதியை மாத்திரம் வாசிக்கிறார்கள். இத்தனை பேர் மருத்துவ பீடம் போனார்கள், இத்தனை பேர் வெளிநாட்டில் பேராசிரியர்களாக இருக்கிறார்கள். சரி, எத்தனை பேரில்?

1990 ஜனவரியில் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது எங்கள் வகுப்பு ஆசிரியர் ஒரு புது இடாப்புக்கு உறை போட்டுக்கொண்டு வந்தார். பெயர்களைத் தன் அழகான கையெழுத்தில் நீல மையால் எழுதினார். அந்த ஆண்டு முடிவதற்குள் சிவப்புப் பேனை அடிக்கடி வெளியே வரத் தொடங்கியது. ஒருவன் வரவில்லை, இரண்டு வாரம் பார்ப்பார், பிறகு அடிமட்டத்தை வைத்துப் பெயரின் மேல் ஒரு நேர்கோடு. குடும்பத்தோடு கொழும்புக்குப் போனவனுக்கும் அதே கோடு. ஏஜென்சிக்குக் காசு கட்டி ஜேர்மனிக்குப் போனவனுக்கும் அதே கோடு. ஷெல் விழுந்து செத்தவனுக்கும், விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போனவனுக்கும் அதே கோடு. காரணம் எழுத இடாப்பில் இடம் இல்லை. இருந்திருந்தாலும் அவர் எழுதியிருக்கமாட்டார். கோடு போட்ட பிறகு அடிமட்டத்தைத் துடைத்து வைப்பார், மை மற்றப் பெயர்களில் படாமல் இருக்க.

இயக்கத்துக்குப் போனவர்களில் ஒருவன் எனக்கு முன் வாங்கில் இருந்தவன். போகும்போது பதினான்கு வயது. பகல் இடைவேளைக்குப் பிறகு அவன் வகுப்புக்குத் திரும்பவில்லை. சைக்கிள் கொட்டகையிலேயே நின்றது. மூன்றாம் நாள் அவனுடைய தாயார் வந்தார். அழவில்லை. சைக்கிளைக் கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் கேட்டார். அது பூட்டியிருந்தது, திறப்பு அவனோடு போய்விட்டது. நானும் இன்னொருவனும் பின் சில்லைத் தூக்கிப் பிடித்தபடி, முன் சில்லை உருட்டிக்கொண்டு அவர்களுடைய வீடு வரை போனோம். ஒரு மைல் இருக்கும். வழியெல்லாம் அந்தத் தாயார் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவன் சாப்பிட்டுவிட்டுத்தானே போனான்?" சாப்பிட்டான் என்று சொன்னோம். எங்களுக்குத் தெரியாது.

பிள்ளைகளைச் சேர்த்ததைப் பற்றி நம்மிடையே பேச்சு வந்தால் அவர்களாக விரும்பிப் போனார்கள் என்ற பதில் தயாராக இருக்கும். பதினான்கு வயதில் விரும்புவது என்றால் என்ன என்று நாள் முழுவதும் அந்த வயதுப் பிள்ளைகளோடு இருக்கிற எனக்குத் தெரியும். அவர்களுக்கு மதியம் ஒரு விருப்பம், மாலை ஒரு விருப்பம். பின்னாளில் விருப்பம் என்ற சொல்லுக்கும் வேலை இல்லாமல் போயிற்று. 2003 முதல் 2008 வரை விடுதலைப் புலிகள் பிள்ளைகளைச் சேர்த்ததாக யுனிசெப் பதிவு செய்தவை மட்டும் 6,000க்கு மேல். கிழக்கில் பிரிந்து போன கருணா அணியும் அதையே செய்தது. அதற்கு அரச படையினரில் சிலர் துணை நின்றதாக 2006இல் ஐ.நா. சார்பில் வந்த அலன் ரொக் வெளிப்படையாகச் சொன்னார். பிள்ளை என்று வந்துவிட்டால் எந்தத் தரப்புக்கும் வெட்கம் இருக்கவில்லை.

உடம்பு வைத்திருக்கும் இடாப்பு

எங்கள் வளவில் பங்கர் 'எல்' வடிவத்தில் இருந்தது. பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு, அதற்கு மேல் அம்மா கீரை போட்டிருந்தார். மழைக்கு உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஒருமுறை பாம்பு இருந்தது. மேலே பொம்பர், கீழே பாம்பு, நடுப்படியில் நாங்கள். சொல்லிச் சிரிக்க நல்ல கதை, சொல்லியும் இருக்கிறேன். ஹெலியா, பொம்பரா, சகடை விமானமா என்று சத்தத்தை வைத்தே பிரித்துச் சொல்வோம். ஷெல் 'குத்துகிற' சத்தம் கேட்டதும் எண்ணத் தொடங்கி, எங்கே விழும் என்று பந்தயம் கட்டுவோம். இந்தச் சாமர்த்தியங்களைத்தான் பிள்ளைகள் எதற்கும் பழகிக்கொள்வார்கள் என்பதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். பழகினோம் என்பது உண்மை.

தங்கை பழகவில்லை. அவளுக்கு அப்போது ஏழு வயது. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்தது. கோயில்களிலும் தேவாலயங்களிலும் போய் இருங்கள் என்று சொல்லப்பட்டதை நம்பிப் போயிருந்த சனம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்து கோயிலுக்கு வரமாட்டேன் என்றாள். செப்டெம்பர் 22ஆம் திகதி வடமராட்சி கிழக்கில் உள்ள நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில், மதிய நேரம், பிள்ளைகள் மரத்தடியில் நின்ற இடத்தில் குண்டு விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு பாடசாலைக்கும் போகமாட்டேன் என்றாள். கோயிலும் இல்லை, பாடசாலையும் இல்லை, வீட்டிலும் பங்கருக்குள்தான் படுப்பேன் என்ற பிள்ளையைப் பார்த்து நாங்கள் பயந்தாங்கொள்ளி என்று பகிடி பண்ணினோம். இன்று யோசித்தால் எங்கள் வீட்டில் நிலைமையைச் சரியாகக் கணக்குப் போட்டவள் அவள் ஒருத்திதான்.

அவள் இப்போது ஒஸ்லோவில் இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். புதுவருட வாணவேடிக்கையின்போது மூத்தவனை அழைத்துக்கொண்டு நிலக்கீழ் அறைக்குப் போய்விடுவாளாம். அவனுக்கும் இப்போது வெடிச் சத்தம் பிடிக்காது. அவன் நோர்வேயில் பிறந்தவன். பொம்பரைக் கண்டவன் அல்ல. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் மனநல மருத்துவராக இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் மனவடு தனி ஒருவரோடு நின்றுவிடுவதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே பிடிக்கும் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது ஒஸ்லோவின் நிலக்கீழ் அறையில் காதைப் பொத்திக்கொண்டு இருக்கும் மருமகன்.

இராணுவம் நெருங்கி வந்தபோது நடந்த 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இடப்பெயர்வைப் பற்றி விரித்து எழுதப்போவதில்லை. நடந்தவர்கள் எல்லோரும் எழுதிவிட்டார்கள். மாலையில் ஒலிபெருக்கி, இரவு முழுக்க மழை, நாவற்குழிப் பாலத்தில் நகராத சனம், தண்ணீருக்குக் கவிழ்த்துப் பிடித்த குடைகள். நான்கைந்து லட்சம் பேர் ஒரே இரவில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்குப் போனார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஆறு மாதம் கழித்து வந்த முச்சந்தி. 1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சிக்குள் வந்தபோது, கிளாலிக் கடலேரியைக் கடந்து வன்னிக்குப் போவதா, திரும்பி வலிகாமத்துக்குப் போவதா என்று ஒவ்வொரு குடும்பமும் சில மணி நேரத்தில் முடிவு செய்தது. அப்பாவுக்குக் கால் வீங்கியிருந்தது, படகு ஏற முடியாது, அதனால் நாங்கள் திரும்பினோம். எங்களோடு கொடிகாமத்தில் ஒரே வகுப்பறையில் படுத்திருந்த குடும்பம் வன்னிக்குப் போனது. அந்த வீட்டுப் பையன் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். 2009இல் முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு அவர்களைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. என் படிப்புக்குக் காரணம் விளக்கா, முயற்சியா என்று கேட்பவர்களிடம் அப்பாவின் கால் வீக்கம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"எங்களுக்கும் இன்றுதான்"

ஒவ்வொரு ஒக்டோபர் 30ஆம் திகதியும் குழுவில் இடப்பெயர்வு நினைவுகள் வரும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அன்றைக்கும் வந்தன. எண்பது செய்தி, நூறு செய்தி. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் யாரோ ஒருவர் தேடிப்பிடித்து அவனைக் குழுவில் சேர்த்திருந்தார். ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவன். புத்தளத்தில் இருக்கிறான் என்று தெரிந்து எல்லோரும் வரவேற்பு எழுதினோம், அதன் பிறகு அவன் ஒன்றும் எழுதியதில்லை. அன்று இரவு பத்து மணிக்கு ஒரே ஒரு வரி போட்டான்.

"எங்களுக்கும் இன்றுதான். ஐந்து வருடம் முந்தி."

அதற்குப் பிறகு குழுவில் ஒருவரும் எதுவும் எழுதவில்லை. மறுநாள் காலையில் ஒருவன் பிறந்தநாள் கேக் போட்டான்.

1990 ஒக்டோபர் 30. அந்த மாதம் வடக்கிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்தது இரண்டு மணி நேரம். ஒலிபெருக்கியில் அறிவித்து மைதானத்துக்கு வரச் சொல்லி, போகும் வழியில் நகைகளையும் காசையும் கழற்றி வாங்கி, உடுத்த உடுப்போடு அனுப்பினார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. பாடசாலை நடந்தும் நடவாமலும் இருந்த நாட்கள். அவன் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து இடாப்பில் சிவப்புக் கோடு. வகுப்பில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, ஆசிரியரும் சொல்லவில்லை. எனக்கிருந்த ஒரே கவலை, என் கொம்பாஸ் பெட்டியை அவன் வாங்கிக்கொண்டு போயிருந்தான். வீட்டில் அடி விழும் என்ற பயத்தில், அவன் களவெடுத்துவிட்டான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

அந்த வரியைப் பார்த்துவிட்டு எனக்கு இரவு தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன்; நன்றாகத் தூங்கினேன். ஒரு வாரம் கழித்துத்தான் அவனைத் தனியாக அழைத்தேன். முப்பது வருடத்துக்குப் பிறகும் குரலில் அதே அவசரம். தகரக் கொட்டிலும் கிடுகுக் கொட்டிலுமாகக் கழிந்த முகாம் வருடங்களைச் சொன்னான். ஊர்ப் பிள்ளைகள் காலையில் படித்து முடிந்த பிறகு, அதே கட்டடத்தில் பின்னேரம் இவர்களுக்குப் பாடசாலையாம். வெயில் தலைக்கு நேரே நிற்கும் நேரத்தில் கணக்குப் பாடம். ஊர்ப் பிள்ளைகள் இவர்களுக்கு வைத்த பெயர் 'அகதி'. பெயர் சொல்லிக் கூப்பிடாமல், "அகதி, பந்தை எடுத்துப் போடு" என்பார்களாம். இரும்புக் கடை வைத்திருந்த அவனுடைய வாப்பா, யாழ்ப்பாணத்துக் கடைத் திறப்பைக் கடைசி வரை இடுப்புப் பட்டியிலேயே வைத்திருந்தாராம். இதெல்லாம் அவன் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டான், வேறு யாருக்கோ நடந்ததுபோல. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மச்சான், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன்னுடைய கொம்பாஸ் பெட்டியை நான் கொண்டுவந்துவிட்டேன். பைக்குள் கிடந்தது தெரியாது. குறை நினைக்காதே," என்றான்.

இங்கேதான் எனக்கு அந்த மேசை நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்று சொல்வதும் சரியில்லை. அதை நான் மறந்ததே இல்லை. விளக்கு நின்ற மேசை என்று மட்டும் நினைத்திருந்தேன். 1991 தொடக்கத்தில் அப்பா அதை மாட்டுவண்டியில் ஏற்றி வந்தார். அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் கதவு, நிலை, ஓடு, அலுமாரி என்று நிறையச் சாமான்கள் மலிவு விலைக்கு வந்துகொண்டிருந்தன. எங்கிருந்து வந்தவை என்று வாங்கியவர்களுக்குத் தெரியும், விற்றவர்களுக்கும் தெரியும். முஸ்லிம்கள் இருந்த சோனகத் தெருப் பக்கம் கூரையில்லாத வீடுகள் நின்றன. பிள்ளை தரையில் இருந்து படிக்கிறான் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்ததால் அப்பா வாங்கியிருப்பார். கெட்ட மனிதர் அல்ல. வேப்ப மரத்தில் செய்த மேசை, வலது பக்கம் ஒரு லாச்சி. லாச்சியின் உள்ளே, பின் பலகையில், நீல மையால் 786 என்று எழுதியிருந்தது. யாரோ ஒரு பிள்ளை எழுதியது. பெரியவர்கள் கை அவ்வளவு கோணாது. முஸ்லிம்கள் இறைவன் பெயரால் தொடங்குவதைக் குறிக்க எழுதும் எண் அது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவன் பரீட்சை விடைத்தாளில் முதலில் அதைத்தான் எழுதுவான். நான் லாச்சிக்குப் பழைய பத்திரிகைத் தாள் விரித்தேன். பின் பலகையிலும் ஒரு துண்டை ஒட்டினேன்.

அந்த மேசையில், அந்த விளக்கில், ஐந்து வருடம் படித்தேன்.

அவன் கொம்பாஸ் பெட்டிக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, இதைச் சொல்லாமல் போனை வைக்க எனக்கு எல்லா வழியும் இருந்தது. முப்பது வருடம் வைத்திருந்ததை இன்னும் முப்பது வருடம் வைத்திருக்கலாம். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. நல்லவனாகக் காட்டிக்கொள்ளும் ஆசையும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். நான் எதிர்பார்த்தது கோபம், இல்லாவிட்டால் "பரவாயில்லை" என்ற ஒரு சொல். இரண்டும் வரவில்லை.

"என்ன மரம்?" என்று கேட்டான்.

"வேம்பு."

"லாச்சி எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் ஒரு பிள்ளை ஏதோ கேட்பதும், இவன் கையால் சமாளிப்பதும் தெரிந்தது. "எங்கள் வீட்டு மேசைக்கும் வலது பக்கம்தான்," என்றான். "ஆனால் அந்தக் காலத்தில் எல்லா ஆசாரியும் வலது பக்கம்தான் வைப்பார்கள். 786 எல்லாப் பிள்ளையும் எழுதும். எங்கள் லாச்சி இழுக்கும்போது பாதியில் சிக்கும். கொஞ்சம் தூக்கி இழுத்தால்தான் வரும். உன்னுடையது சிக்குமா?"

எனக்கு நினைவில்லை. ஐந்து வருடம் ஒவ்வொரு நாளும் இழுத்துத் திறந்த லாச்சி. கண்ணை மூடிப் பார்த்தேன். சுடர் தெரிகிறது, போத்தலின் விளிம்பில் படிந்த கரி தெரிகிறது, மேசை விளிம்பில் நான் கத்தியால் கீறிய பல் வரிசை தெரிகிறது. லாச்சியை இழுக்கும்போது கை என்ன செய்தது என்பது மட்டும் வரவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மேசை இப்போது இல்லை. 1996இல் நாங்கள் திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு சாமானும் இருக்கவில்லை. கதவும் நிலையும்கூடப் போயிருந்தன.

இந்தக் கதையை வைத்துக்கொண்டு அவர்கள் பட்டது பெரிதா, நாங்கள் பட்டது பெரிதா என்று தராசு பிடிக்க எனக்கு விருப்பமில்லை. தமிழ்ப் பிள்ளையின் மேல் குண்டு போட்டதை இது குறைத்துக் காட்டும் என்று குழுவில் ஒருவன் பிறகு தனியாக எழுதினான். எப்படிக் குறையும் என்று கேட்டேன், பதில் இல்லை. நாகர்கோவில் பிள்ளைகளுக்கு நடந்ததைச் சொல்ல எனக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதேபோல அந்த லாச்சியைப் பற்றிச் சொல்லவும் தேவையில்லை. 2009க்குப் பிறகு புத்தளத்திலிருந்து பல குடும்பங்கள் வந்தன. சில தங்கின, பல வந்து பார்த்துவிட்டுப் போயின. கூரை போட்டுக் குடியிருக்க வீடு இல்லை, பிள்ளைகளின் படிப்பும் பேச்சும் அங்கே ஊன்றிவிட்டது. என் நண்பனின் மகளுக்கு யாழ்ப்பாணம் என்றால் வாப்பா சொல்லும் ஊர். வெயில் அதிகமா என்று கேட்டாளாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனேன். எண்பது தாண்டிவிட்டது, காலை என்ன சாப்பிட்டார் என்பது மறந்துவிடும், 1991இல் ஒரு தேங்காய் என்ன விலை என்பது மறக்காது. பனங்கிழங்கு உரித்துக்கொண்டு திண்ணையில் இருந்தார். மேசையைப் பற்றிக் கேட்டதும், எந்த மேசை என்று கேட்கவில்லை. கிழங்கின் நடுத் தும்பை இழுத்தெடுத்து ஓரமாக வைத்தார்.

"உன் அப்பாவிடம் அப்போதே சொன்னேன்," என்றார். அதற்கு மேல் அந்தப் பக்கம் போகவில்லை. நானும் தோண்டவில்லை.

"லாச்சி சிக்குமா அம்மா? இழுக்கும்போது?"

கிழங்கை இரண்டாக முறித்து ஒரு பாதியை என்னிடம் நீட்டினார். வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார்.

"மாரி காலத்தில் சிக்கும் தம்பி," என்றார். "மாரியில் எல்லா லாச்சியும் சிக்கும்தானே."